நடுவில் மலை இருந்தது

பௌர்ணமி அன்று மதியம் ஷம்ஷாத் டீச்சரின் தங்கை போன் செய்தார். "அக்கா மௌத்தாயிட்டாங்க டீச்சர். அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறோம்" என்றார். டீச்சர் இறந்துவிட்டார், சாயங்காலமே அடக்கம். நான் செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். டீச்சர் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். மற்ற நாளில் ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அன்று சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம், வண்டி எதுவும் ஓடவில்லை. நடந்தே கிளம்பினேன். முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்பதே நினைப்பாக இருந்தது.

எங்கள் பள்ளியில் அவர் கணக்கு எடுத்தார், நான் வரலாறு. கணக்கென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஒருநாள் ஓய்வறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே, இந்த ஊரை வரைபடத்தாளில் வரைந்தால் ஆதிப்புள்ளியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். கோயிலில்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன். "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. ஏன்னுதான் தெரியல" என்று சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போய்விட்டார்.

என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க நானும் பின்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பள்ளி வாசலில் நின்ற கடலை வண்டியை ஆதிப்புள்ளி என்று வைத்தார். கிழக்கே போனால் கூட்டல், மேற்கே போனால் கழித்தல். வடக்குக்கும் தெற்குக்கும் அதே மாதிரி. கோயில் எங்கள் பள்ளிக்குத் தென்மேற்கில் இருப்பதால் அதன் இரண்டு எண்களுமே கழித்தலில் விழுந்தன. வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் எழுந்து, "கோயில மைனஸ்ல வெச்சிட்டீங்களே டீச்சர்" என்றாள். எனக்குத்தான் பக்கென்றது. அவர் பதறவில்லை.

"மைனஸ்னா கம்மின்னு அர்த்தம் இல்ல கண்ணு. அந்தப் பக்கம் இருக்குன்னு அர்த்தம்."

பிறகு ஆதிப்புள்ளியைக் கோயிலுக்கே மாற்றினார். இப்போது எல்லா எண்களும் மாறின. கடலை வண்டிக்கும் கோயிலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பிள்ளைகள் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தார்கள். எக்ஸ் வித்தியாசத்தின் வர்க்கம், ஒய் வித்தியாசத்தின் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம். இரண்டு முறையும் ஒரே விடை. எங்கிருந்து அளக்க ஆரம்பித்தாலும் தூரம் மாறாது என்பது அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது. அத்தனை வருடம் எனக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

அந்த வருடம்தான் கோமதி விஷயம் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு, அடி அண்ணாமலைப் பெண். விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் அனுப்பப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம். விடுதிக் காப்பாளர் வராந்தாவில் டீச்சரை நிறுத்தி, அவள் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அன்று காலையில்தான் டீச்சர் சுற்று ஊர்களையெல்லாம் கரும்பலகையில் குறித்திருந்தார். அந்த உற்சாகத்தில் சூத்திரத்தைப் போட்டு அங்கேயே விடை சொல்லிவிட்டார். இவ்வளவு பக்கமா என்று காப்பாளர் கோமதியைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

மறுநாள் கோமதி ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள். "டீச்சர், நீங்க போட்ட கோடு மலைக்குள்ள போவுது. நான் சுத்திக்கிட்டுதானே வரேன்" என்றாள்.

டீச்சர் முகம் வெளுத்துப்போனது. உடனே என்னையும் கூட்டிக்கொண்டு காப்பாளரிடம் போனார். "கணக்கு சரிங்க. தப்பு என்னுது. நடுவுல மலை இருக்கறத மறந்துட்டேன்."

"இந்த ஊர்ல இருந்துகிட்டு மலைய மறந்துட்டீங்களா?"

"தினம் பாக்கறேன் இல்ல, அதான் போல."

காப்பாளர் சிரிக்கவில்லை, சாலை வழியாக அளந்து வந்தால் பார்க்கலாம் என்றார். அன்று சாயங்காலமே டீச்சர் கோமதியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் அடி அண்ணாமலை வரைக்கும் போய் மீட்டரைப் பார்த்து வந்தார். கோட்டில் வந்ததைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. கோமதிக்கு இடம் கிடைத்தது, படித்தாள். டீச்சர் இதை மூடி மறைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் தூரச் சூத்திரத்தை நடத்தியதும் தன் தவறைத்தான் முதல் கணக்காகக் கொடுப்பார். மலையைத் தொடாமல் போகிற மிகச் சின்ன வழி எது என்று கேட்பார். பிள்ளைகள் கோட்டை உடைத்து உடைத்துப் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பார். "தூரத்தப் போட்டா போதாது. நடுவுல என்ன இருக்குன்னு பாரு" என்பார்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், வந்துவிடுவீர்கள் என்று கடைசிவரை பார்த்தோம் என்றார்.

தாமதமாக வரும் பிள்ளைகளை ஏன் லேட்டு என்று அதட்டுவது என் வழக்கம். போன வாரம் ஒரு பெண் முதல் மணி முடியும் நேரத்தில் வந்து வாசலில் நின்றாள். பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பெண்தான். அதட்ட வாயெடுத்தவள், "நடுவுல என்ன இருந்துச்சும்மா?" என்று கேட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.