பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

போன ஐப்பசி மழையில் நடந்தது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் கிளை வைத்திருக்கும் ஒரு சின்ன கிளினிக்குக்கு, நோயாளிகளின் விவரங்களைப் பதியும் மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டரிலும் ஒரே விவரம் இருக்கும். நெட் போய்விட்டால் அவரவர் பாட்டுக்குப் பதியலாம். திரும்ப வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே நோயாளியின் பக்கத்தை இரண்டு இடத்திலும் மாற்றியிருந்தால்? கடைசியாக எழுதியது நிற்கும், மற்றது போகும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இந்த விதியை முடிவு செய்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நெட் அறுந்து கிடந்த நாளுக்கு மறுநாள் காலை, எல்லாம் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க மயிலாப்பூர் கிளைக்குப் போனேன். ஒரு பதிவு கண்ணை உறுத்தியது. முந்தின நாள் நெட் திரும்பியது பத்தே முக்காலுக்கு. அப்போது அடையாறிலிருந்து வந்து சேர்ந்த பதிவோ, பத்து ஐம்பதுக்கு எழுதியதாகச் சொன்னது. வந்து சேர்ந்த பிறகு எப்படி எழுத முடியும்? அங்கே கம்ப்யூட்டர் கடிகாரம் முந்தி ஓடுகிறது! அப்படியானால் அது எதை அழித்தது?

அழிந்தவற்றின் பழைய நகலில் தேடினேன். காலில் கிளிஞ்சல் கிழித்த ஒரு மீன்கார அம்மாவின் பக்கம். அவர் வீட்டார் கேட்டு அடையாறில் அவருடைய போன் நம்பரைத் திருத்தியிருந்தார்கள். உண்மையில் அதற்குப் பிறகு மயிலாப்பூர் டாக்டர் எழுதிய வரி, முந்தி எழுதியதாகக் கணக்காகிக் காணாமல் போயிருந்தது. இந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, போடக் கூடாது என்ற வரி.

மிஞ்சிய பதிவின்படி, அன்று பத்து மணிக்கு அவர் அடையாறில் கட்டு மாற்றி அதே ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். மணி ஒன்பதே முக்கால். வரியைத் திரும்பப் பதிந்தாலும், காலையிலேயே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் அடையாறில் அது உடனே தெரியாது. அடையாறு கிளினிக் போன் எங்கேஜ்டாகவே இருந்தது. அந்த அம்மாவும் போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். அடையாற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை.

"கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்றேன், நாலாவது தடவையாக.

"பறந்தா போவ முடியும், சார்?"

பாதியில் இறங்கி, மழைச் சேற்றில் ஓடினேன்.

வாசலிலேயே குரல் கேட்டது. கையில் ஊசியோடு நர்ஸ். அவருக்கு எதிரே அந்த அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றார்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லையேம்மா!"

"உன் கம்ப்யூட்டரு மறந்தா நானுமா மறப்பேன்? நேத்து கையி பூரா வீங்கிக்கினு வந்துச்சி. இந்த ஊசி வோணாம்னு அந்த டாக்டரே சொல்லிகீறாரு!"

"போடாதீங்க!" என்று கத்திவிட்டு, கடிகாரம் முந்தியதால் டாக்டரின் வரி அழிந்த கதையைச் சொன்னேன்.

"நான்தான் சார் டைமை முந்தி வெச்சேன்" என்றார் ரிசப்ஷன் பெண். "இல்லேன்னா இங்க யாருமே நேரத்துக்கு வர மாட்டேங்கறாங்க." அவரை என்ன சொல்வது? என் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது.

அன்றே விதியை மாற்றினேன். இப்போது இரண்டு பதிவும் ஒத்துப்போகாவிட்டால் எதுவும் அழியாது. இரண்டையும் காட்டி, 'நோயாளியைக் கேளுங்கள்' என்று சிவப்பில் வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த அம்மா மட்டும் படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.