பெல்ஃபாஸ்ட் லண்டனில் இல்லை

தராசுத் தட்டில் வற்றல் மிளகாயைப் பாதி கொட்டியவர் கையை நிறுத்திவிட்டார். "பிள்ளைகள் ரெண்டு பேரும் லண்டனில் சுகமா?" என்று நான் கேட்டதுதான் குற்றம். கேரளத் தலைநகரின் சாலைக் கடைத்தெருவில் பூதலிங்கத்திடம் மிளகாய் வாங்க, கொஞ்சம் பூகோளமும் தெரிந்திருக்க வேண்டும்.

"லண்டன் ஒரு பட்டணம். இங்கிலாந்து பிரிட்டன் தீவில ஒரு பாகம். அயர்லாந்து வேற தீவாக்கும், கேட்டியளா? அந்த ஒரு தீவில ரெண்டு சர்க்கார். எனக்க மக அஞ்சு நர்ஸா இருக்கது பெல்ஃபாஸ்ட், அது பிரிட்டன் சர்க்காருக்கு உள்ளது. அவளுக்க அண்ணன் சுதீஷ் டப்ளின்ல. அது தனி நாடு."

இதற்குப் பிறகுதான் மீதி மிளகாய் விழும். கல்லாவுக்கு மேலே, சாமி படங்களோடு ஓர் உலகப் படமும் மாலை போட்டுத் தொங்குகிறது. அவருடைய நாகர்கோவிலைக் கேரளம் என்று சொன்ன ஒரு லாரி டிரைவர், பழைய திருவிதாங்கூர் எது, இன்றைய கேரளம் எது என்று ஒப்பித்த பிறகே சரக்கை இறக்க முடிந்தது. மூட்டை சுமக்கும் சஜி இதற்கு 'அண்ணாச்சி ஸ்டடி கிளாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறான்.

போன வாரம் கிளாஸ் வீட்டு ஆட்களுக்கே நடந்தது. நிறைமாத அஞ்சுவுக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். புருஷன் கப்பல் வேலையில், நடுக்கடலில். பிரிட்டன் விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன், வரவில்லை, எல்லையில் யாரும் பார்ப்பதில்லை, பஸ் ஏறிவிடட்டுமா என்று சுதீஷ் போனில் கேட்டான். பிடிபட்டால் வேலை போகும், காத்திரு என்றார் பூதலிங்கம். மனைவி பகவதியம்மாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"இஞ்ச இருந்து நாகர்கோயிலுக்குப் போற நேரந்தான் பஸ்ஸுக்கு. பிள்ள ஒத்தைக்குக் கெடக்கா. நீங்க மேப்புல கோட்டப் பாத்துக்கிட்டு இருக்கியளா?"

அன்றிலிருந்து அவள் சோறு போடுகிறாள், பேச்சில்லை. மனிதர் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்காமல் போனது.

இன்று நான் போனபோது பெல்ஃபாஸ்டில் அஞ்சுவுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. விசா வரவில்லை. அரைக் கிலோ மிளகாய் கேட்டேன். மூட்டையை இறக்கி வைத்த சஜி தேறுதல் சொன்னான். "பேடிக்கண்டா அண்ணாச்சி, பயப்படாதீங்க. ரெண்டு பேரும் ஒரே நாட்டில தானே. சேட்டன் பக்கத்துல உண்டல்லோ."

நான் பாடத்துக்குக் காத்திருந்தேன். பூதலிங்கம் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா, ஒரே நாடுதான்" என்றார். தட்டு தாழ்ந்து மேசையில் முட்டிய பிறகும் மிளகாயைக் கொட்டிக்கொண்டே இருந்தார்.