நாற்பது வீட்டுக்கும் ஒரே பதில்

கணினித் திரையில் மேலிருந்து கீழே ஒரே எண்ணாக இறங்கிய அந்தப் பத்தியை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. எட்டு, எட்டு, எட்டு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முந்திரிக்கொட்டை உடைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நாற்பது பெண்கள் சொன்ன பதில். கையில் புண் வருமா என்பதற்கு நாற்பது ‘இல்லை’. வேறு வேலை கிடைத்தால் இதை விட்டுவிடுவீர்களா என்பதற்கு நாற்பது ‘மாட்டேன்’. என் ஆய்வு நெறியாளர் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இது நாப்பது பேரா, ஒரே ஆளாம்மா? வீட்டுல உட்கார்ந்து நீயே நிரப்பியிருந்தா இப்பவே சொல்லிடு” என்றார்.

எம்.ஏ. பொருளாதாரத்தில் ஆராய்ச்சிப் பிரிவு என்னுடையது. கடைசி ஆண்டில் வகுப்புகள் குறைவு. சொந்தமாகக் கள ஆய்வு செய்து எழுதும் ஆய்வேடுதான் எல்லாம். அது நிற்கவில்லை என்றால் பட்டமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அப்படிப்பட்ட நான் பொய்க்கணக்கு எழுதியவளாக அந்த அறையில் நின்றேன். சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது.

ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுத்தது அத்தையின் ஊர். அப்பாவுக்கு அக்கா அவர். ஆலங்குடிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு முந்திரிக்கொட்டையை வறுத்து, கட்டையால் தட்டிப் பருப்பெடுப்பார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு உள்ளங்கை கறுத்துத் தோல் உரியும். அத்தைதான் முதல் நாள் என்னைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போய், பதில் முடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு, “நாளைக்கி எந்தெந்த வீடுன்னு சொல்லு, நான் போயி சொல்லி வச்சிர்றேன்” என்று தினமும் முன்கூட்டியே போய்வந்தார். நான் வரும் நேரத்தைத்தான் சொல்லி வைக்கிறார் என்று நினைத்தேன். பத்தாவது வீட்டிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி சொல்லச் சொல்ல, பெரிய கண்டுபிடிப்பு ஒன்று கைக்கு வந்துவிட்டதாகப் பூரித்துப்போயிருந்தேன்.

மேடத்திடம் வாங்கிக்கட்டிக்கொண்டு நேராக பஸ் ஏறினேன். அத்தை வாசலில் உட்கார்ந்து கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்கயித்தே சொல்லி வச்சீங்க எல்லார்ட்டயும்?”

“முத வீட்டுக்காரி சொன்னதத்தான். அவ சொல்லச் சொல்ல நீ தலைய ஆட்டுன. ரொம்ப நல்லா சொன்னீங்கக்கான்னு வேற சொன்ன. மத்தவளுக எதையாச்சும் ஒளறி ஒம் மார்க்கு கொறஞ்சு போச்சுன்னா?”

கோபப்படத்தான் வந்திருந்தேன், முடியவில்லை. மரியாதைக்காக நான் சொன்ன ஒரு வார்த்தையை, எழுதப் படிக்கத் தெரியாத அத்தை நாற்பது வீட்டுக்கும் பத்திரமாகச் சுமந்து போயிருக்கிறார். மேடம் கேட்டதைச் சொன்னதும் அவர் கை நின்றது.

“எம் மருமக பொய்யி எழுதுனான்னா சொன்னாக? இந்தா வாரேன், பஸ்ஸ ஏறி நானே கேக்குறேன்!”

எழப்போனவரை உட்காரவைத்துச் சொன்னேன். முதல் வீட்டு அக்கா சொன்னது அவருக்குப் பொருந்தும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று இருக்கும். எனக்கு அதுதான் வேண்டும் என்று.

“ஒரு பரிட்சைக்கு நாப்பது பதிலா?”

“ஆமாங்கயித்தே.”

“அப்ப எனக்குன்னு ஒண்ணு இருக்குமா?”

“இருக்கும்.”

அத்தை கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் முதல் மறுபடியும் வீடு வீடாக நடந்தோம். வாசலில் நின்று, “போன தடவ நான் சொன்னதெல்லாம் மறந்துருங்க, உள்ளதச் சொல்லுங்க” என்று அறிவித்துவிட்டு அத்தை தெருவுக்குப் போய்விடுவார். ஊர்ப் பெண்கள் சும்மா விடவில்லை. “அன்னைக்கி அதச் சொல்லுன்ன, இன்னைக்கி இதச் சொல்லுங்கிற. ஒம் மருமக பாஸாவாளா மாட்டாளா, அத மொதல்ல சொல்லு” என்றார் ஒருவர். ஆனால் சொன்னார்கள். எட்டு மணி நேரம் என்பது மூன்றிலிருந்து பதினொன்று வரை விரிந்தது. ‘புண் இல்லை’ என்று முன்பு சொன்ன ஒரு பெண், உள்ளங்கையை என் முன் விரித்துக் காட்டினார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்.

அத்தையின் படிவம்தான் கடைசி. கதவைச் சாத்தச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். வேறு வேலை கிடைத்தால் விடுவீர்களா என்ற கேள்வியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். நான் தலையை ஆட்டவில்லை. நல்லா சொன்னீங்க என்று சொல்லவுமில்லை. முதல் வீட்டு அக்கா சொன்னது அல்ல அது. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

புதிய படிவங்களை மேடம் ஒரு மாலை முழுக்கப் புரட்டினார். முதல் சுற்று ஏன் வீணானது என்பதையும் மறைக்காமல் ஒரு பகுதியாக எழுதச் சொன்னார். வாய்மொழித் தேர்வில் அதிகம் பேசப்பட்டது அந்தப் பகுதிதான். தேர்ச்சி பெற்றேன்.

போன மாதம், அட்டைபோட்டுக் கட்டிய ஆய்வேட்டை அத்தையிடம் கொண்டுபோனேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தான் சொன்னது எங்கே இருக்கிறது என்று கேட்டார். பெயர் இருக்காது, எண்தான் இருக்கும் என்று சொல்லி, அட்டவணையில் அவருடைய வரியைக் காட்டினேன். கறுத்த விரலை அதன்மேல் வைத்தபடி கேட்டார்.

“முத வீட்டுக்காரியோடது எது?”

“அதச் சொல்லக் கூடாதுங்கயித்தே.”

“எனக்குக் கூடவா?”

“உங்களுக்கும்தான்.”

சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

“அப்ப என்னோடதையும் அவகிட்டச் சொல்லிறாத.”