வயிற்றில் தட்டியது

என் கையெழுத்து கோணல். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலில் புண் வந்து மலேசியாவில் ஈப்போ மருத்துவமனையில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. உள்ளங்கை எப்போதும் தொப்புளுக்கு மேலேயே இருக்கும். வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது, வெடித்தால் பிழைப்பது கடினம், ஆபரேஷன் செய்து செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்தான் வேண்டாம் என்று மறுத்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் நேரத்தில் மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள். எங்கள் இருவருக்கும் யாரும் வரவில்லை.

"கைய வச்சிப் பாரு தம்பி," என்றார்.

கூச்சத்தோடு வைத்தேன். உள்ளே ஏதோ விடாமல் தட்டியது.

"எஸ்டேட்ட விட்டு எல்லாரும் போயிட்டாங்க. லயத்து வீட்டு வரிசைல நான் மட்டுந்தான் லா. படுத்தா இதுதான் பேச்சுத்துணை. இதையும் எடுத்துட்டா?"

"வெடிச்சா அதுவும் போயிரும், நீங்களும் போயிருவீங்க அண்ணே." நான் அவ்வளவு பேசுகிறவன் இல்லை.

"நல்லா ஆறுதல் சொல்ற லா," என்று சிரித்தார். மறுநாள் டாக்டரிடம் சரி என்றார்.

நான் வீடு திரும்பும் நாளில் அவரை வேறு வார்டில் தேடிப் பிடித்தேன். வயிற்றில் போட்டிருந்த கட்டின்மேல் அதே கை.

"இன்னும் தட்டுதா அண்ணே?"

"இல்ல தம்பி. கைக்குத்தான் வேற எங்க போறதுன்னு தெரியல."

அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயரைக் கேட்கக் கூச்சம் விடவில்லை. இப்போது அந்த லயத்தில் எதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாரோ.

எழுதியது தீபாவளிக்கு மறுநாள், மத்தியானம்.