நான்காம் நிலையின் முகம்

இரண்டு தவக்காலங்களுக்கு முன், நான் வரைந்த மாதாவின் முகத்தை நானே அழித்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் மழுப்பினேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வீட்டில் உட்கார முடியாமல், கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் எங்கள் பிளாட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்த முகத்துக்கு உரியவள் இப்போது பழைய சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யவில்லை. நடந்ததை எழுதட்டுமா என்று போன வாரம் அவளைக் கேட்டேன். "யாரு பேரும் போடாம எழுதுங்கக்கா. இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பிரிண்டிங் கடையில் கல்யாணப் பத்திரிகை, இரங்கல் நோட்டீஸ், பேனர் எல்லாம் டிசைன் செய்கிறவள் நான். அடுத்தவர் கேட்ட கலரில் ரோஜாப்பூ வைத்துக் கொடுத்தே அலுத்துப்போயிருந்தேன். அந்த நேரத்தில், கோயிலில், இயேசு சிலுவை சுமந்து போன சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைப் படங்களையும் புதிதாக வரைந்து தர முடியுமா என்று பங்குத்தந்தை கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய எருசலேம் வேண்டாம் ஃபாதர், நம் தெருவையே வரைகிறேன் என்றேன். சிலுவை சுமக்கக் கை கொடுத்த சீமோனை வங்காளதேசக் கட்டடத் தொழிலாளியாக வரைந்தேன். அழுத எருசலேம் பெண்கள், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் ஃபேக்டரிப் பெண்கள் ஆனார்கள். கல்வாரிக்குப் போகும் வழியில் மோனோரயில் தூண்கள் நின்றன.

நான்காம் நிலையில் இயேசு தம் தாயைச் சந்திக்கிறார். அந்தத் தாய்க்கு மட்டும் எனக்கு முகம் கிடைக்கவே இல்லை. வரைவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சென்ட்ரல் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். என் ரயிலும் வரவில்லை, கிள்ளான் போகிற ரயிலும் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில் இருப்பவள். என் கடைக்கு நாலு கடை தள்ளி, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். அதுவரை எங்களுக்குள் புன்னகை மட்டும்தான். அன்று ரயில் தாமதமாகத் தாமதமாகப் பேச்சு வளர்ந்தது. தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளாம். பிறப்பைப் பதிய ஆளில்லை, அம்மா சீக்கிரமே போய்விட்டார், அடையாள அட்டை எடுக்க வழியில்லாமல் போனது. "எனக்கு ஐசி இல்லக்கா. பெரியம்மா மவ ஐசி காப்பியக் குடுத்துதான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளிக்குத் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு ரயில் வரும் திசையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விடவில்லை. வீட்டுக்குப் போனதும் சாப்பிடக்கூட இல்லை, நேராகத் தூரிகையை எடுத்தேன்.

படத்தைப் பார்த்ததும் பங்குப் பேரவைத் தலைவர் முகம் சுளித்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், தன் இஸ்திரிச் சட்டையைப் போலவே கோயிலிலும் ஒரு மடிப்பு கலையக்கூடாது அவருக்கு. கோயிலுக்கு வரும் எந்தப் பெண்ணும் அவருக்கு சிஸ்டர்தான்.

"சிஸ்டர், மாதா ரொம்பக் கருப்பா இருக்காங்களே. பாத்தா கும்பிடணும்னு தோண வேணாமா?"

"நாசரேத்துல ஃபேர்னஸ் கிரீம் வித்தாங்களா அங்கிள்?"

"கிண்டல் வேணாம் லா. இது கோயில், கேலரி இல்ல."

மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் கத்தினேன். தோட்டத்தில் நம் பாட்டன் பூட்டன் என்ன நிறத்தில் செபமாலை சொன்னான் என்று கேட்டேன். ஏழைப் பெண்ணின் முகத்தில் மாதாவைக் காண முடியாத கண் என்ன கண் என்று மேசையைத் தட்டினேன். கடைசியில் பங்குத்தந்தை, இந்தத் தவக்காலம் இருக்கட்டும் என்று முடித்து வைத்தார். ஜெயித்த மிதப்பில் யாரையும் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். படத்துக்குக் கீழே நானே அழகாக டிசைன் செய்து ஓர் அட்டை மாட்டினேன்: 'இந்த மண்ணில் பிறந்தும் அடையாள அட்டை இல்லாத ஒரு தாய்.'

தவக்காலத்தின் முதல் வெள்ளி, சிலுவைப் பாதை வழிபாட்டில் பலர் அந்தப் படத்தின் முன் அழுதார்கள். சமூக நீதிக் குழுவில் என்னோடு இருக்கும் ஓர் இளம் ஆசிரியை அதைப் போனில் எடுத்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். எனக்கு வாழ்த்தாக வந்து கொட்டியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம், அவள் என் கடைக்கு வந்தாள். ஈர ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கறது நான்தானே?"

"ஆமா! புடிச்சிருக்கா?" என்றேன். அப்படித்தான் கேட்டேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"முதலாளி போன்ல காட்டினாரு. இது நீதானேன்னாரு. இல்லண்ணே, அது மாதான்னு சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள். "இன்னைக்கு நம்பின மாதிரி இருக்காரு. ஆனா அவரு பொண்டாட்டி வாராவாரம் நம்ம கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏத்த வருவாங்க. அவங்க நேர்ல பாத்துட்டா என் வேலை போச்சு. யாராச்சும் இமிகிரேஷனுக்கு சொல்லிட்டா அதோட முடிஞ்சுச்சு. அத எடுத்துடுங்கக்கா."

நியாயம் பேசத்தான் எனக்குத் தெரியுமே. வக்கீல் இருக்கிறார், எங்கள் குழு இருக்கிறது, நாங்கள் எல்லாரும் உன்னோடு இருக்கிறோம் என்று அடுக்கினேன். "நீங்க இருப்பீங்க, வேலை இருக்குமா?" என்றாள். உனக்காக எத்தனை கூட்டத்தில் சண்டை போட்டேன் தெரியுமா என்று கோபமாகக் கேட்டேன்.

"நான் சண்டை போடச் சொன்னேனாக்கா? அன்னைக்கு ரயில் வரல. மனசு கனமா இருந்துச்சு, உங்ககிட்ட சொன்னேன். அவ்ளோதான்."

கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "ஏன் மாத்தினீங்கன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. பேரவைல, உங்க குழுல, யாருகிட்டயும். ஒருத்தர்கிட்ட சொன்னாலும் சுத்தி என்கிட்டதான் வரும்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்போதே கோயிலுக்குப் போனேன். அட்டையைக் கழற்றிக் கிழித்தேன். படத்தையே எடுத்துவிடலாம் என்று கைவைத்தேன். பதினான்கில் ஒன்று காணாமல் போனால் ஊரே காரணம் கேட்கும். வேறு முகம் வரையலாம் என்று யோசித்தேன். யார் முகத்தை? பஸ் ஸ்டாப்பில் பார்த்தவள், சந்தையில் பார்த்தவள் என்று மனதில் வந்த ஒவ்வொருத்தியும் எங்கோ வேலை செய்கிறவள், யாருக்கோ பயந்தவள். நான் ஒருத்தியையும் கேட்டதில்லை. யாருக்கும் சொந்தமில்லாத முகம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இருந்தது, காலண்டர் மாதாவின் முகம். வெள்ளை, ரோஸ், கொஞ்சம் நீலம். ஆறு மணிக்குள் முடித்துவிட்டேன். அதை வரைய எனக்குப் பார்க்க எதுவுமே தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த இளம் ஆசிரியை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களுமா சிஸ்டர்?" என்றாள். நான் கலர் பிரச்சினை, வார்னிஷ் என்று ஏதோ உளறினேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவைத் தலைவர் அறிவிப்புகளை வாசித்தார். மைக்கை விடாமல் என் பக்கம் திரும்பினார். "நம்ம சிஸ்டர் மக்களோட மனசப் புரிஞ்சிக்கிட்டு, மாதாவ மாதா மாதிரியே வரைஞ்சிட்டாங்க. தாழ்ச்சின்னா இதுதான். எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க."

கோயிலே தட்டியது. முகத்தை ஏன் மாற்றினேன் என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்த மனிதரின் சிரிப்பு அங்கேயே அணைந்துவிடும். அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள்.

நான் எழுந்து நின்று, "தேங்க்ஸ் அங்கிள்" என்றேன்.