கிரைண்டரைப் பேச வைத்த நாட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் பாதியில் நின்றது. மின்சாரம் போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்த கிரைண்டர் பிறகு தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனைக் கட்டிக்கொண்டால் வீட்டில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஊறிய உளுந்தின் பச்சை வாசனை மூக்கில் ஏறி, பழைய எரிச்சல் ஒன்றைக் கிளப்பிவிட்டிருந்தது. உங்களுக்கு அந்த வாசனை இட்லியை நினைவுபடுத்தலாம். எனக்கு அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் இருந்த ஒரு தகரக் கூரைக் கம்பெனியின் வாசனை.

படிப்பு முடித்ததும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து இருங்காட்டுக்கோட்டையில் ஓர் அறையில் ஒட்டிக்கொண்டவன் நான். அறையில் மற்றவர்கள் எல்லாம் கார் கம்பெனி ஆட்கள். ஷிப்ட் முடிந்து மடிப்புக் கலையாத சீருடையில் வருவார்கள். நான் சட்டையில் மாவுத் துளிகளோடு வருவேன். “ஏலே, நீ இன்ஜினியரா, ஓட்டல் மாஸ்டரா?” என்று கேட்காத ஆள் அந்த அறையில் இல்லை. கார் செய்கிற ஊரில் புளித்த மாவு வாடையோடு பஸ் ஏறுகிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும், சொல்லுங்கள்.

எங்கள் கம்பெனி கிரைண்டருக்குள் வைக்கிற போர்டைச் செய்தது. இத்தனை நிமிடம் என்று பட்டனை அழுத்தினால் அத்தனை நிமிடம் மோட்டாரைச் சுற்றவிட்டு, பஸ்ஸரை ஒலித்து நிறுத்துவது அதன் வேலை. போர்டின் நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், எட்டே எட்டுக் கம்பிக் கால்கள். அதற்குள் ஓடிய புரோகிராம் நான் எழுதியது. அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் கோயம்புத்தூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் போர்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார்: பாதியில் நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது.

முதலாளி முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். புரோகிராமை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. மேசைமேல் வைத்தால் போர்டு நாள் முழுக்கப் பிசகில்லாமல் ஓடியது. “புரோகிராம்ல தப்பு இல்லன்னா சால்டரிங்லதான் தப்பு. வேற என்ன இருக்கு இதுல?” என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வாரமே, போர்டில் பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கிற சால்டரிங் வரிசையிலிருந்து மூன்று பெண்களை நிறுத்திவிட்டார்கள். மூவரும் ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம் வந்தவர்கள் என்பதால் ஒரு போன் போதுமானதாக இருந்தது. அவர்களில் ஒருத்தி முத்துலட்சுமி, சங்கரன்கோவில் பக்கம். எங்கள் வட்டாரப் பேச்சு என்பதால் அந்தக் கம்பெனியில் அவளிடம்தான் நான் கூச்சமில்லாமல் பேசுவேன். போகும்போது அழவில்லை. “எங்கன தப்பு விட்டிருக்கேன்னு காட்டச் சொல்லுங்க, பாப்போம்” என்றாள். காட்ட யாரும் வரவில்லை.

வரிசைக்குப் பொறுப்பு ஸ்டெல்லா அக்கா. கம்பெனிக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில்தான் அவர் வீடு. நிறுத்தப்பட்ட மூவருக்கும் வேலை பழக்கியவர் அவர். மறுநாள் என் மேசைக்கு வந்து, அந்தச் சிப் உள்ளே என்ன பண்ணுகிறது என்று பார்க்கவே முடியாதா என்று கேட்டார். முடியாது என்பதுதான் என் எரிச்சலே. அதற்குத் திரை கிடையாது, சொல்வதற்கு வாய் கிடையாது. புரோகிராம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிய ஒரு சின்ன விளக்கை மினுக்க வைத்து எண்ணிப் பார்த்தேன். கிரைண்டர் முன் உட்கார்ந்து மினுக்கலை எண்ணுவது எவ்வளவு கேவலமான வேலை என்று செய்தவனுக்குத்தான் தெரியும். யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் எண்ணிக்கை போச்சு.

பெரிய சிப்களில் கணினியோடு எழுத்தெழுத்தாகப் பேசுவதற்கென்றே ஒரு பகுதி உள்ளே இருக்கும். எங்களுடையதில் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு காலில் மின்சாரத்தைச் சரியான இடைவெளியில் ஏற்றி இறக்கினால், கணினி அதை எழுத்தாகப் படித்துக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கத்தைப் புரோகிராமே செய்ய வேண்டும். காலியாகக் கால் இல்லாததால் பஸ்ஸரின் காலைப் பிடுங்கிக்கொண்டேன். முதல் நாளே கிரைண்டர் போர்டைக் கணினியில் நேராகச் செருகி, கையில் ஷாக்கும் வாங்கி, கம்பெனிக் கணினியையும் புகைய வைத்தேன். வீட்டு மின்சாரம் நேராக ஓடுகிற போர்டு அது என்பதை, அதற்குப் புரோகிராம் எழுதிய நான் மறந்திருந்தேன். முதலாளி கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு நடுவே வெளிச்சத்தால் மட்டும் செய்தி கடத்துகிற ஒரு சின்னப் பாகத்தை வைத்து இரண்டையும் பிரித்தேன்.

அதற்கப்புறமும் தொல்லை தீரவில்லை. ‘மோட்டார் ஓடுகிறது’ என்று முழு வாக்கியமாக அனுப்பப் பார்த்தால் சிப்பின் நினைவில் இடம் இல்லை. சுருக்கி நுழைத்தால், அது பேசி முடிக்கிற வரைக்கும் பட்டனை அழுத்தினாலும் கவனிக்கவில்லை. வெட்டி வெட்டி, கடைசியில் ஒற்றை எழுத்தில் வந்து நின்றேன். புரோகிராம் முதலிலிருந்து தொடங்கினால் A, மோட்டார் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் M. அவ்வளவுதான்.

மேசைமேல் சும்மா ஓடினால் பழுது வராது என்பதால் நிஜமாகவே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு அரைத்தோம். கேன்டீனில் எல்லா வேளையும் தோசை என்று ஆனது. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு வந்து கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

“இன்னா சார், பேசுதா?”

“பேசுதுக்கா. உளறுது.”

“உளறட்டும். என் பொண்ணுங்க மேல பழி போட்டு அனுப்பிட்டாங்க. அது உண்மைய சொல்ற வரிக்கும் நான் இங்கதான் குந்திகினு இருப்பேன்.”

உளறத்தான் செய்தது. தொடக்கத்தில் A, M, M என்று ஒழுங்காக வரும். மாவு கெட்டிப்பட்டு மோட்டார் சூடேறியதும் M வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியோ கட்டமோ வளைவோ வரும். என் இடைவெளிக் கணக்கில்தான் பிழை என்று நினைத்து அதைத் திருத்தினேன். காலையில் சரியாக இருந்தது, மதியம் கெட்டது. மதியத்துக்குத் திருத்தினால் மறுநாள் காலையில் கெட்டது. விசைப்பலகையைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. அது கம்பெனியுடையது, ஏற்கெனவே ஒரு கணினியைக் கொன்றிருக்கிறேன் என்பதால் எறியவில்லை.

ஒரு மதியம் ஸ்டெல்லா அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, எப்போதும் கிறுக்கலுக்குப் பிறகுதானா அந்த A வருகிறது என்று சாதாரணமாகக் கேட்டார். பழைய பதிவுகளை மேலே தள்ளிப் பார்த்தேன். ஆமாம், ஒவ்வொரு முறையும் அப்படித்தான். சிப்புக்கு வரும் மின்னழுத்தம் குறைந்தால் அதன் உள் கடிகாரம் தன் வேகத்தில் நிற்காது. கடிகாரம் மாறினால் எழுத்தின் இடைவெளி மாறும், கணினி தப்பாகப் படிக்கும். மின்னழுத்தம் மேலும் விழுந்தால் சிப் நின்று முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கிறுக்கலைத் திருத்தவேண்டிய பிழையாகவே பார்த்துப் பார்த்து நான் நாட்களை வீணாக்கியிருந்தேன்.

அப்புறம் தேடுவது சுலபமாக இருந்தது. சிப்புக்குப் போகும் மின்னழுத்தம் விழாமல் தாங்குகிற ஒரு கெப்பாசிட்டர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தது; சமீபத்தில் வேறு கடையிலிருந்து வாங்கியது, சூடேறியதும் பலமிழந்துவிடுகிறது. பழைய சரக்கிலிருந்து ஒன்றைப் பொருத்தி அரைத்தோம். தொடக்கத்து A-வுக்குப் பிறகு, மாவு முழுதாக அரைபடும் வரை M தவிர வேறெதுவும் வரவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னால் கெப்பாசிட்டர் மாற்றிய போர்டையும் மாற்றாததையும் ஓட்டிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். “சரி, கெப்பாசிட்டர மாத்திடலாம்” என்றார்.

“அப்போ அந்த மூணு பேரு?” என்றார் ஸ்டெல்லா அக்கா.

“அது முடிஞ்ச விஷயம்மா.”

சால்டரிங்கில் எந்தத் தப்பும் இல்லை, அதை ஏஜென்சிக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்று நான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பி, “நீங்க மொதல்ல அந்தத் தேவையில்லாத எழுத்தையெல்லாம் எடுத்துட்டு பஸ்ஸர போடுங்க” என்றார்.

ஏஜென்சியில் அந்த மூவர் பெயருக்கு நேரே ‘வேலை சரியில்லை’ என்று குறித்துவைத்திருந்ததால் வேறெங்கும் அவர்களை அனுப்பவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நானும் ஸ்டெல்லா அக்காவும் ஸ்ரீபெரும்புதூருக்கே போய் அங்கிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னோம். கம்பெனி சொன்னால் அந்தக் குறிப்பை எடுத்துவிடுகிறோம் என்றார். கம்பெனியிடம் கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நாங்கள் எத்தனை முறை போய்வந்தோமோ தெரியாது. அதற்குள் முத்துலட்சுமி அறையைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டாள். மற்ற இருவருக்கும் ஸ்டெல்லா அக்கா தன் தங்கை வேலை பார்த்த ஒரு போன் கம்பெனியில் நேராகவே இடம் பிடித்துக் கொடுத்தார். பிறகு அவரும் அங்கேயே போய்விட்டார். கடைசி நாளில் முதலாளி கேக் வெட்டலாம் என்றாராம். வேண்டாம், வூட்ல வேலை இருக்குது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இப்போது நான் ஒரகடத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். இன்றைக்கு வருகிற சின்னச் சிப்களிலும் பேசுவதற்கான பகுதி உள்ளேயே இருக்கிறது. ஒரு கேபிளைச் செருகி, ஓடுகிற சிப்பை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கிறார்கள். ஒற்றை எழுத்துக்காக நான் வெட்டி வெட்டிச் செதுக்கிய அந்தப் புரோகிராம் என்னிடம் இல்லை. அது இருந்த கணினியும் எங்கே போனதோ. போன மாதம் வல்லம் வடகால் பக்கம் போனபோது பார்த்தேன், அந்தத் தகரக் கூரையைப் பிரித்துவிட்டு ஒரு பார்சல் கம்பெனியின் கோடவுனை எழுப்பியிருக்கிறார்கள். வாசலில் லாரிகள் வரிசையில் நின்றன. முத்துலட்சுமியின் பழைய எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். அவள் பற்றவைத்ததில் ஒரு குறையும் இல்லை என்று அந்தக் கம்பெனி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இனிச் சொல்லச் சொல்லிக் கேட்பதற்கும் அங்கே யாரும் இல்லை.