பன்னிரண்டு மணிக்குப் பிறகு வந்த சோறு

மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில் இருந்த எங்கள் தியான மண்டபத்தின் ஒவ்வொரு செங்கல்லும் என் லோரியில் வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மாட்டுவண்டியில் மணல் ஏற்றித் தொடங்கி, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தபோது இரண்டு லோரிக்குச் சொந்தக்காரன். மண்டபம் வேண்டும் என்று படித்தவர்கள் மூன்று வருடம் கூட்டம் போட்டுப் பேசினார்கள். நான் நான்கு மாதத்தில் கட்டி நிறுத்தினேன். சுவரில் மாட்டிய கடிகாரமும் என் உபயம்தான். ரேடியோ மணியோடு ஒத்துப்பார்த்து வைத்தது, ஒரு நிமிடம்கூடப் பிசகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

தியானத்திலும் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. இலங்கையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பிக்கு நன்றாகத் தமிழ் பேசுவார். மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தால் போதும், வேறெதையும் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்பார். குமாஸ்தாக்கள் அரை மணியில் காலை மாற்றுவார்கள். நான் ஒன்றரை மணி நேரம் அசையமாட்டேன். மணல் மூட்டைக்கு உட்காரச் சொல்லித்தர வேண்டுமா என்று மண்டபத்தை நடத்தும் சங்கத்துச் செயலாளர் பின்னால் கேலி பேசினாராம். அவரும் ஒரு குமாஸ்தாதான். அதெல்லாம் என் காதுக்கு வராமலா இருக்கும்?

சுதந்திரத்துக்கு மறுவருடம் எங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நான்கு வயது. ஒரே பிள்ளை. என் மனைவி பேசுவதையே நிறுத்திவிட்டாள். பிக்குதான் அவளுக்கு ஒரு வழி சொன்னார். மூன்றாம் மாதம் பிக்குவுக்குச் சோறு தானம் கொடுங்கள்; அந்தப் புண்ணியம் பிள்ளைக்குச் சேரட்டும் என்று தான் ஓதும்போது, தாய் ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது நிரம்பித் தட்டில் வழிகிறவரை ஊற்ற வேண்டும் என்றார். அவள் அந்த ஒரு நாளை எண்ணித்தான் எழுந்து நடமாடினாள்.

பிக்குகள் நடுப்பகல் தாண்டினால் மறுநாள் விடியும்வரை சாப்பிடுவதில்லை. எங்கள் மண்டபத்தில் கடிகாரத்துப் பன்னிரண்டுதான் எல்லை. தானம் கொடுக்கிற வீட்டுச் சோறு வருகிற நாளில் வேறு யாரும் கொண்டுவரவும் மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும்.

தானத்தன்று செமாபோக்கில் இருந்த எங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து என் மனைவியே சமைத்தாள். பத்தரைக்கெல்லாம் பாத்திரங்களை என் புதுக் காரில் அடுக்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதற்கென்று நான் வாங்கிய வெள்ளிக் கூஜாவைக் கையில் கொடுத்து, அவளை டாக்சியில் முன்னால் அனுப்பினேன். நான் நேராகப் போயிருக்க வேண்டும். கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவுக்குக் காரைத் திருப்பினேன்.

அங்கே ஒரு துணிக்கடை முதலாளி. கடை வாசலில் மாடு சாணி போட்டுவிட்டது என்று ஒரு காலத்தில் என்னை வண்டியோடு விரட்டியவர். அவரைக் கூட்டிப்போய் நான் கட்டிய மண்டபத்தில் உட்காரவைத்து, நான் கொடுக்கும் தானத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

"வாங்க தவுக்கே. மாட்ட வித்துட்டீங்களா?" என்று, சீனர்கள் முதலாளியை அழைப்பதுபோல் அழைத்து, காரைப் பார்த்துச் சிரித்தார். தேநீர் வரவழைத்தார். இதோ சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றவர், கலியாணச் சேலை எடுக்க வந்த குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் என் பக்கத்தில் ஏறி உட்காராமல் கிளம்ப மனம் வரவில்லை. கடைசியில், நீங்கள் போங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது என் கடிகாரத்தில் பன்னிரண்டு ஏழு. பிக்கு தன் பாத்திரத்தைத் துணியால் மூடியிருந்தார்.

"ஏழு நிமிஷந்தானே சாமி," என்றேன்.

நேரம் போய்விட்டது என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சோறு இல்லாவிட்டால் என்ன, நான் ஓதுகிறேன், அம்மா தண்ணீர் ஊற்றட்டும் என்றும் சொன்னார். செயலாளர் சுவரைக் காட்டி, "ஒரு நிமிஷங்கூடப் பிசகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க," என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் அந்த நேரத்தில் சொல்லும் பேச்சா அது? இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை.

என் மனைவி கூஜாவைத் தரையில் வைத்தாள். வெறுங்கையோடு பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று முணுமுணுத்தாள். நான் எல்லாருக்கும் கேட்கும்படி, அடுத்த வாரம் இதைப்போல் இரண்டு மடங்கு செய்கிறேன், மலாக்கா முழுக்க அழைக்கிறேன் என்றேன்.

"அது உங்க பேருக்கு," என்றாள். "எம் புள்ளைக்கு இல்ல."

சோறு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனது. பிக்கு அன்று தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தார்.

சொன்னபடி ஒரு வாரம் கழித்து, பெரிய தானத்துக்கு நாள் கேட்கப் பிக்குவிடம் போனேன். அவர் கேட்டார்:

"வீட்டுல சொல்லலையா? அம்மா மறுநாளே வந்து குடுத்துட்டாங்களே."

நான் லோரி வேலைக்குப் போனபிறகு, ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு செமாபோக்கிலிருந்து நடந்தே வந்தாளாம். பத்து மணிக்குள் வந்துவிட்டாளாம். கூஜா இல்லை. மகள் பால் குடித்த எனாமல் கோப்பையைக் கொண்டுவந்து, அது நிரம்பி வழிகிறவரை தண்ணீர் ஊற்றினாளாம். அன்று மாலை நான் திரும்பியபோது கோப்பை வீட்டு அலமாரியில் பழைய இடத்திலேயேதான் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு முப்பது வருடம் எனக்குச் சமைத்துப் போட்டாள். அதைப்பற்றி அவள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. இப்போதும் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்காருவேன்; என் வயதில் வேறு யாராவது உட்காரட்டும், பார்ப்போம். மூச்சைக் கவனிக்கிறேன். வருவதெல்லாம் அந்தத் துணிக்கடைத் தேநீரின் நினைப்புதான். செங்கல் செங்கல்லாக நான் ஏற்றிவந்த மண்டபம். என் மகளுக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில் மட்டும் நான் அதற்குள் இல்லை.